கதைக்குக் கீழே எழுதியது

ஒற்றைப் பையோடு சித்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பிரியங்கா இந்த வாரமும் வாயைத் திறக்கவில்லை. புருஷனோடு சண்டையா, மாமியாரோடு சண்டையா, வேறு ஏதாவதா என்று அம்மா பிரேமலதா கேட்டுப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். "ஒன்னுமில்லம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை. ஏர்பேட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் தினம் ஒருத்தியாக வந்து, பெண் எப்போது ஊருக்குப் போகிறாள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். விசாரிக்கிறவர்களுக்கு என்ன, வாய்தானே.

இன்றைக்கு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ரமணா வருகிறான். கூட அவன் அக்கா ஸ்வர்ணலதாவும் வருகிறாள். மத்தியானம் பேசி முடித்து, சாயங்காலமே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவதாகப் போனில் சொல்லியிருந்தான். மாம்பழ சீசன். அவன் சூப்பர்வைசராக இருக்கும் கூழ் ஃபேக்டரி வாசலில் பழ லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது அரைநாள் லீவு கிடைத்ததே பெரிய விஷயமாம். நாமெல்லாம் சந்தோஷப்பட வேண்டும்.

மாப்பிள்ளை வருகிறான் என்று பிரேமலதா காலையிலேயே கோழிக்கு மசாலா அரைத்துவிட்டாள். பிரியங்கா கூடத்தில் முறத்தை மடியில் வைத்து விதைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நாளில் நிலத்துக்குப் போகவேண்டிய வேர்க்கடலை. விதைக்காயை மெஷினில் கொடுக்க முடியாது. பருப்பின் சிவப்புத் தோல் கிழிந்தால் முளைக்காது என்று கையால்தான் உரிப்பார்கள். வந்த நாளிலிருந்து அவள் செய்கிற வேலை இது ஒன்றுதான். வலது கட்டைவிரல் நகத்தடியில் சிவந்து வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்று அம்மா கேட்டாள். தெரியவில்லை என்றாள். அது பிடிவாதம் இல்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. காலையில் கொதிக்கக் கொதிக்க டீ டம்ளரை வாங்கி அப்படியே உள்ளங்கையில் வைத்திருந்தாள். அம்மாதான் பதறிப்போய்ப் பிடுங்கினாள்.

"போறியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு," என்றாள் பிரேமலதா.

பிரியங்கா யோசித்தாள். போகலாம் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. அந்தப் பதில் எந்த இடத்திலிருந்து வரவேண்டுமோ அந்த இடமே மரத்துக் கிடந்தது.

"நீயே சொல்லும்மா."

பிரேமலதா என்ன சொல்வாள்? அப்பா கன்னையா என்ன சொல்வார் என்றால், அவர் பங்காளி அண்ணன் ஆதிகேசவன் சொல்வதைச் சொல்வார். அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பம் இது. சொந்தமாகக் கையகல நிலம் வருவதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் ஆதிகேசவன். அதிலிருந்து அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அவரும் போனவாரமே சொல்லிவிட்டார். பெரிய காரணம் ஏதும் இல்லையென்றால் பெண்ணை அனுப்பி வைப்பதுதான் முறை என்று.

பிரியங்கா காரணம் சொல்லவில்லை. ஆகவே சாயங்காலம் அவள் போக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

*

சின்னவள் ஹர்ஷினியைக் காலையிலேயே திருப்பதிக்குக் காலேஜுக்குத் துரத்திவிட்டார்கள். பஞ்சாயத்தில் சின்னப் பெண்ணுக்கு என்ன வேலை என்று. அவளும் போய் சிநேகிதிகளோடு கேன்டீனில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்றால் போனில் கதை வரும் நாள்.

இந்தக் கதை விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. ஆந்திராவில் ஏர்பேட்டுப் பக்கம் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படிப்பது தெலுங்கு. தமிழ் எழுத்தைக் காட்டினால் பெரியவர்கள் முதல் பிள்ளைகள் வரை முழிப்பார்கள். பிரியங்கா கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரும், எல்லையோரத் தடா ஊர்க்காரப் பெண் போனில் தொடர்கதை படித்துப் படித்துச் சிரிப்பாள். கதை தெரிந்துகொள்ளும் ஆசையில் பிரியங்கா அந்தப் போனில் விரல் வைத்து 'அ', 'ஆ' கற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து தங்கைக்கும் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே தொடருக்கு ரசிகைகள் ஆனார்கள்.

தொடரின் நாயகன் ஒரு கம்பெனி எம்.டி. பெயரே சொல்ல மாட்டார்கள், 'எம்.டி.' என்றுதான் ரசிகைகள் கூப்பிடுவார்கள். கோபக்காரன். நாயகியின் போனைப் பிடுங்குவான், கையை முறுக்குவான், அறைவான், அடுத்த அத்தியாயத்தில் மழையில் நனைந்துகொண்டு மன்னிப்புக் கேட்பான். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே ரசிகைகள் கமெண்ட் போடுவார்கள். அதில் பிரியங்கா ராணி. அவள் கமெண்டைப் படிப்பதற்கென்றே கீழே போகிறவர்கள் உண்டு.

கண்டதையும் படித்துப் பெண்பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று மேடை மேடையாகப் பேசுகிறவர்கள் அந்தக் கேன்டீனில் கொஞ்சநேரம் உட்கார்ந்து பார்க்கலாம். அன்றைய அத்தியாயத்தில் எம்.டி. நாயகியை ரூமில் வைத்துப் பூட்டிவிட்டான். பிரித்திகா அதைக் குரலை ஏற்றி இறக்கி வாசித்தாள். வேலைக்காக அரக்கோணத்திலிருந்து திருப்பதிக்குக் குடிவந்த வீட்டுப் பெண் அவள், வாய் கொஞ்சம் நீளம்.

"நம்ம ஜாத்திரையில கங்கம்மா, பொண்ணுங்கள கெடுத்த பாளேகாட வெட்டிப் போடுவா. இவ இன்னாடான்னா அவனுக்கு காபி கலக்கினு நிக்கிறா," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஏன்டி படிக்கிறே என்று ஒருத்தி கேட்டாள். "மொளகா பஜ்ஜி ஏன் துன்றே? கண்ல தண்ணி வருதுல்ல? அப்டிதான். அவன் கதையில இருக்கட்டும். வூட்டுக்கு வந்தா போலீஸுக்கு போன் பண்ணிடுவேன்."

கமெண்டுகளிலேயே சூப்பர் கமெண்ட் ஹர்ஷினியின் அக்கா போட்டதுதான் என்று பேச்சு வந்தது. எம்.டி. அறைந்த அத்தியாயத்துக்குப் போட்டது, அன்றைக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோமே என்று சொல்லி, பிரித்திகா அதைத் தேடி எடுத்து வாசித்தாள்.

"ரைட்டர் அக்கா, அறை வாங்கின உடனே அவ எப்படி அவன்கூட அவ்ளோ பேசறா? அறைஞ்சா ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் காது கேக்காது. உள்ள கொய்னு ஒரு சத்தம் மட்டும் இருந்துக்கினே இருக்கும். அதையும் எழுதுங்க."

அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக இருந்தன. முதல் ஆளாகச் சிரித்தவள் ஹர்ஷினி. 'அக்கா செம, ரைட்டருக்கே பாடமா' என்று எழுதியிருந்தாள்.

கேன்டீனில் மறுபடியும் சிரித்தார்கள். ஹர்ஷினி சிரிக்கவில்லை. அந்த வாரம் அவள் சித்தூருக்குப் போன் பண்ணியிருந்தாள். பேச ஆரம்பித்ததும் அக்கா, "இரு, இந்தக் காதுக்கு மாத்திக்கிறேன்," என்றாள். அது அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை. அடுத்த வாரம் அக்கா பையோடு வந்து இறங்கினாள். அப்போதும் படவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிரித்திகா பின்னாலேயே கூப்பிட்டாள். கேன்டீனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு எந்த வழியாக நடந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

*

ஹர்ஷினி ஏர்பேட்டில் இறங்கியபோது வீட்டு வாசலில் ரமணாவின் கார் நின்றிருந்தது. உள்ளே சாப்பாடு முடிந்து பேச்சு ஆரம்பித்திருந்தது. ஆதிகேசவன் நடுவில், கன்னையா அவர் பக்கத்தில், எதிரே ரமணா. பிரியங்கா சுவரோரம் கீழே உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பஞ்சாயத்து அவளைப் பற்றியது என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது.

ஸ்வர்ணலதா வந்ததும் நாற்காலியைத் தூக்கி இடம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். எல்லோரும் தனக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி. எங்கே போனாலும் அக்காவுக்கு இந்த வழக்கம் உண்டு என்று ரமணா சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. திருத்தணியில் வாழ்க்கைப்பட்டுப் பிள்ளைகளையும் கரையேற்றியவள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ரகம்.

ரமணா மரியாதையாகத்தான் பேசினான். அதைச் சொல்லியாக வேண்டும், அவன் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. ஒரு வாட்டி அடித்தது உண்மை என்றான். எந்த வீட்டில் இல்லை என்றான். ஆனால் இதைக் காரணமாக வைத்துப் பெண் வீட்டில் உட்கார்ந்துகொள்வது நியாயமா என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்தான். பிரியங்காவின் போன். அவள் கிளம்பி வந்த அன்று அவன் எடுத்து வைத்துக்கொண்டது.

"உங்க பொண்ணுக்கு எப்டி புருஷன் வேணும்னு அவளே எழுதிக்கிறா மாமா. நா சொல்லல. அக்கா, படி."

அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சித்தூரில் தெலுங்கில் படித்தவன். அக்கா திருத்தணிக்குப் போய் பஸ் போர்டிலும் வாரப் பத்திரிகையிலும் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டவள். முந்தின நாள் அவளை வைத்து நாலைந்து கமெண்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அது போதும் என்று கிளம்பி வந்துவிட்டான்.

ஸ்வர்ணலதா ரேஷன் கார்டு வாசிக்கிற மாதிரி வாசித்தாள். "இப்படி ஒருத்தன் கெடச்சா கால புடிச்சிக்கினு கெடப்பேன்." அடுத்தது. "உரிமை இருக்கறதுனாலதான அடிக்கிறான், எங்கள யாரு அடிக்கிறா." அதற்கடுத்தது. "ரைட்டர் அக்கா, எம்.டி.ய நல்லவனா மாத்திடாதீங்க, போரடிக்கும்."

கம்பெனி பஸ்ஸில் தடாக்காரியும் பிரியங்காவும் தோளில் இடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து எழுதியவை. இந்தக் கூடத்தில் அவை வேறு மாதிரி விழுந்தன. பிரேமலதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கன்னையா தரையைப் பார்த்தார்.

ஆதிகேசவன் தொண்டையைச் செருமினார். பெண்ணுக்கே இதில் குறை இல்லை என்றால் நாம் பேச என்ன இருக்கிறது, ரமணாவும் இனிமேல் கை நீட்டமாட்டான், பெட்டியைக் கட்டச் சொல்லு என்றார். முடிந்தது. ரமணா கார்ச்சாவியை எடுத்தான்.

வாசற்படியில் நின்றிருந்த ஹர்ஷினி உள்ளே வந்தாள். அதெல்லாம் விளையாட்டுக்கு எழுதியது என்றாள். படிக்கிற எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், அந்த எம்.டி. கேவலமானவன் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் கைதட்டுகிறோம் என்றாள். சொல்லச் சொல்லத் தனக்கே அது உளறல் மாதிரி கேட்டது. பிறகு தன் போனை எடுத்து அந்த ஒரு கமெண்டைப் படித்தாள். காது கேட்காத இரண்டு நாளைப் பற்றியது.

ரமணாதான் முதலில் பேசினான், அதே மரியாதையோடு.

"இது இவ போன் பெரிய மாமா. வர்ற வழியில இவளே எழுதிக்கினு வந்து படிக்கிறா."

ஆதிகேசவன் ஹர்ஷினியின் போனை வாங்கிப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஊரில் எத்தனையோ பத்திரங்களைப் படித்துச் சொன்ன மனிதர். எல்லாம் தெலுங்கில். கன்னையாவிடம் நீட்டினார். கன்னையாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். போன் ஒரு சுற்றுச் சுற்றி ஹர்ஷினியிடமே வந்தது.

"அந்தப் போன்ல இது இருக்குதான்னு நீ பாத்து சொல்லும்மா," என்றார் ஆதிகேசவன், ஸ்வர்ணலதாவிடம். "இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. நீ சொல்றதுதான்."

இதுதான் அந்த வீட்டின் நிலைமை. பெண் வீட்டுக்காரர்கள் அத்தனை பேர் இருந்தும், அவள் எழுதியதைப் படித்துச் சாட்சி சொல்ல மாப்பிள்ளையின் அக்காவை விட்டால் ஆள் இல்லை.

ஸ்வர்ணலதா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். முந்தின நாள் வாசித்தபோது அவள் இவ்வளவு தூரம் தள்ளிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஓரிடத்தில் விரல் நின்றது. அவள் உதடு மட்டும் அசைந்தது. ஒரு முறை படித்தாள், மறுபடி படித்தாள்.

கடலை ஓடு உடைகிற சத்தம் நின்றிருந்தது. பிரியங்கா தலையைத் தூக்கி நாத்தனாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லன்னு சொல்லுக்கா, கெளம்பலாம்," என்றான் ரமணா.

"இருக்குது," என்றாள் ஸ்வர்ணலதா.

பிறகு அதை வாசித்தாள். அதே ரேஷன் கார்டு குரல். உள்ளே கொய் என்று ஒரு சத்தம் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தினாள். முடித்துவிட்டு, இதற்குக் கீழே ஒருத்தி சிரித்திருக்கிறாள் என்றாள். அது நான்தான் என்றாள் ஹர்ஷினி.

ஆதிகேசவன் சங்கடத்தோடு நெளிந்தார். முன்னால் எழுதியது விளையாட்டு, இது மட்டும் நிஜம் என்று எப்படிப் பிரிப்பது, இதுவும் கதைக்குக் கீழே எழுதியதுதானே என்றார். நியாயமான கேள்விதான். ஹர்ஷினியே மூன்று வாரம் அதை விளையாட்டு என்று நினைத்திருந்தவள்.

பதில் ஸ்வர்ணலதாவிடமிருந்து வந்தது.

"ரெண்டு நாள்னு கணக்கு போட்டு எழுதிக்கிறா பெரியவரே. பட்டவளுக்குதான் அந்தக் கணக்கு தெரியும்." இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கு ரெண்டு நாளோட போவல. அந்தப் பக்கம் கேக்கறதே இல்ல."

நாற்காலியை மாற்றிப் போட்டதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ரமணா சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறான்.

பிரியங்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நா போவல, நைனா."

வந்ததிலிருந்து யாரும் கேட்காமல் அவள் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. சொன்ன மாத்திரத்தில் கட்டைவிரல் வலித்தது. நகத்தடியிலிருந்து முழங்கை வரைக்கும் விண்விண் என்று தெறித்தது. இவ்வளவு வலியை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை. விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டு, குனிந்து அழுதாள்.

கன்னையா அண்ணனைப் பார்க்கவில்லை. "சரிம்மா," என்றார்.

*

இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், ஆறப்போட்டுப் பேசலாம் என்று ஆதிகேசவன் எழுந்து போய்விட்டார். ரமணா காரில் ஏறி ஹாரன் அடித்தான். ஸ்வர்ணலதா வெளியே வந்து, தான் ரேணிகுண்டாவுக்குப் போய் பஸ் பிடித்துத் திருத்தணிக்குப் போய்க்கொள்வதாகச் சொன்னாள். அவன் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். புழுதி அடங்க நேரமாயிற்று.

பிரேமலதா டீ கொண்டுவந்து கொடுத்தாள். கோழிக்குழம்பு மிச்சம் இருக்கிறது, கொஞ்சம் தூக்கில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள். ஸ்வர்ணலதா சரி என்றாள்.

அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பிரியங்காவின் போன் இன்னும் அவள் கையில் இருந்தது. வெளியே வந்த பிரியங்காவிடம் திருப்பிக் கொடுக்க நீட்டினாள், பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"இத நம்மள யாருன்னே தெரியாதவங்கள்லாம் படிப்பாங்களா?"

"படிப்பாங்க அண்ணி. எங்கெங்கயோ இருக்கறவங்க," என்றாள் பிரியங்கா.

"பேரு போடணுமா?"

"வேணாம். எந்தப் பேரு வேணா வெச்சிக்கலாம்."

ஸ்வர்ணலதா கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். எங்கே தொட வேண்டும் என்று கேட்டாள். பிரியங்கா அவளுக்கு வலப்பக்கமாக வந்து நின்று காட்டிக்கொடுத்தாள். ஹர்ஷினி சிரித்து எழுதியதற்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டம் திறந்தது. ஸ்வர்ணலதா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்க ஆரம்பித்தாள். பிரியங்கா மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் பார்த்தாள். தெருமுனையில் ரமணாவின் கார் திரும்பி வந்துகொண்டிருந்தது. வேகமாக வந்து வாசலில் நின்றது. கதவைத் திறந்து இறங்கி அறைந்து சாத்தினான். "அக்கா" என்று அவன் கூப்பிட்டான். அவன் குரல் உயர்ந்து பிரியங்கா கேட்பது அதுதான் முதல் முறை.

ஸ்வர்ணலதாவுக்கு அது இடப்பக்கம். அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.